பிள்ளை வளர்ப்புக் கூட்டத்துக்கு அம்மா அப்பாவை எப்படிச் சேர்ப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலி மாவட்டத்தில் முக்கூடல், பத்தமடை, சேரன்மகாதேவி பக்கத்து ஊர்களில் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பெற்றோரோடு சில ஆண்டுகளாக வேலை செய்துவருகிறேன். வீட்டில் பிள்ளையோடு எப்படிப் பேசலாம், விளையாடலாம் என்று பேசப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை சின்னக் கூட்டம், இடையில் வீடு தேடிப் போவது, இவ்வளவுதான் வேலை. பக்கத்து ஊர்களில் இதைத் தொடங்க நினைக்கும் அங்கன்வாடி டீச்சர்களும் சுய உதவிக் குழு அக்காமாரும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

அங்கன்வாடி இருக்கிறதே, தனியாக இது எதற்கு?

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. அங்கன்வாடி அந்தத் திட்டத்தில் வந்ததுதான், நம் ஊரில் இன்றும் பால்வாடி என்று சொன்னால்தான் எல்லாருக்கும் புரியும். பிள்ளைக்கு இரண்டு வயது முடிந்ததும் அங்கே கொண்டுபோய் விடுகிறோம். அதற்கு முன்னால்? மாதாமாதம் எடை பார்ப்பார்கள், சத்துமாவு பாக்கெட் தருவார்கள், தடுப்பூசியை நினைவூட்டுவார்கள். அதெல்லாம் நடக்கிறது. அந்தப் பிள்ளையோடு வீட்டில் யார் பேசுகிறார்கள், யார் விளையாடுகிறார்கள் என்று கேட்பதற்குத்தான் டீச்சருக்கு நேரம் இருப்பதில்லை. பதிவேடும் போனில் ஏற்றும் கணக்குமே அவருடைய பாதி நாளைத் தின்றுவிடுகின்றன.

உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் உலக வங்கியும் 2018-ல் சேர்ந்து ஒரு வழிகாட்டி வெளியிட்டன. சின்னப் பிள்ளை நன்றாக வளர ஐந்து வேண்டும் என்கிறது அது: உடல்நலம், போதிய சத்துணவு, பாதுகாப்பு, பிள்ளை காட்டும் குறிப்பறிந்து நடக்கும் பெரியவர்கள், கற்றுக்கொள்ள வாய்ப்பு. முதல் இரண்டுக்கும் நம் மாநிலத்தில் நல்ல ஏற்பாடு இருக்கிறது. கடைசி இரண்டும் வீட்டுக்குள்தான் நடந்தாக வேண்டும்.

இதனால் உண்மையிலேயே பலன் உண்டா?

உண்டு. 1986, 87-ல் ஜமைக்கா நாட்டின் கிங்ஸ்டன் நகரில் ஏழைக் குடியிருப்புகளில் இருந்த, வளர்ச்சி குன்றிய 129 பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. அவர்களில் ஒரு பகுதியினரின் வீட்டுக்குச் சுகாதாரப் பணியாளர் வாரம் ஒருமுறை, ஒரு மணி நேரம் போனார். அங்கேயே கிடைக்கும் பொருளில் செய்த பொம்மைகளை வைத்துக்கொண்டு, பிள்ளையோடு எப்படி விளையாடலாம், எப்படிப் பேசலாம் என்று அம்மாவுக்குச் செய்து காட்டினார். இரண்டு வருடம் இது நடந்தது. இருபது ஆண்டு கழித்துப் பார்த்தபோது, அந்தப் பிள்ளைகளின் சம்பாத்தியம் வீட்டுக்கு ஆள் போகாத பிள்ளைகளுடையதைவிட 25 சதவீதம் கூடுதலாக இருந்தது. அந்த முடிவு 2014-ல் வெளிவந்தது.

அந்தப் பணியாளர் பிள்ளையோடு மட்டும் விளையாடிவிட்டுத் திரும்பவில்லை என்பதைக் கவனியுங்கள். அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் விளையாடினார். வாரத்தில் ஒரு மணி நேரம் போக மீதி நேரமெல்லாம் பிள்ளை அம்மாவிடம்தான் இருக்கிறது.

கூப்பிட்டால் யாரும் வருவதில்லை. இந்த ஊர்ப் பெற்றோருக்கு அக்கறை இல்லையோ?

எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன்.

முதல் வருடம் காலை 11 மணிக்குச் சமுதாய நலக்கூடத்தில் கூட்டம் போட்டேன். பேனர், மைக், டீ, வடை எல்லாம் ஏற்பாடு செய்திருந்தேன். வந்தவர்கள் நான்கு பேர். அவர்களிலும் இருவருக்குக் கைப்பிள்ளை கிடையாது. மனசு விட்டுப்போய், வராத ஒரு பெண்ணின் வீட்டுக்குச் சாயங்காலம் போனேன். வாசல் திண்ணையில் மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்திருக்கப் போனார், வேண்டாம் என்றேன். "எக்கா, இன்னைக்கு ஆயிரம் முடியல. கடையில கணக்குக் குடுக்கணும். நீங்க சொல்லுங்க, நான் சுத்திக்கிட்டே கேக்கேன்" என்றார். பக்கத்தில் சேலைத் தொட்டிலில் எட்டு மாதப் பிள்ளை கிடந்தது.

நான் 11 மணிக்குக் கூப்பிட்டபோது அவர் வந்திருந்தால் அன்றைய கூலியில் ஒரு பங்கு போயிருக்கும். ஆயிரம் பீடி சுற்ற ஒரு பகல் முழுக்க வேண்டும். நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்து இடுப்பு ஒடிய வேலை பார்ப்பதும் அந்தப் பிள்ளைக்காகத்தான். அக்கறை இல்லாதவர் என்று அவரைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

அன்றுதான் நான் மாறினேன். அம்மாவை நம் இடத்துக்கு வரவைப்பதைப் பற்றி யோசிப்பதை விட்டுவிட்டு, அவர் இருக்கும் இடத்தில் போய் உட்கார ஆரம்பித்தேன். பீடி சுற்றும் திண்ணையில் எப்படியும் நாலு பேர் சேர்ந்துதான் இருப்பார்கள். கூட்டம் என்று நாம் தேடுவது அங்கே ஏற்கெனவே கூடியிருக்கிறது.

வராததற்கு இன்னொரு காரணமும் உண்டு, வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். "அங்க போனா நம்மளக் குத்தம் சொல்லுவாவ" என்ற பயம். எடை குறைந்த பிள்ளையின் அம்மா, நாலு பேர் முன்னால் ஏற்கெனவே ஒருமுறை பேச்சு வாங்கியிருப்பார். அந்த இடத்துக்கு மறுபடி அவர் எதற்கு வருவார்?

எந்த நேரம், எந்தக் காலம் தோது?

ஊருக்கு ஊர் மாறும். பீடி ஊரில் கடைக்குக் கணக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பும் நேரம் நல்லது. வயல் ஊரில் கார், பிசானம் என்ற இரண்டு நெல் பருவத்துக்கும் நடவு நடக்கும் வாரங்களில் கூட்டமே வைக்காதீர்கள். கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கால் நாட்டிவிட்டால் அந்த ஊரை அதோடு விட்டுவிடுங்கள், கொடை முடியட்டும். மேலப்பாளையத்தில் ரமலான் நோன்பு மாதத்தில் நேரத்தை அங்குள்ள பெண்களிடமே கேட்டு வையுங்கள்.

முக்கால் மணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள். சொன்ன நேரத்துக்கு முடித்துக் காட்டினால் அடுத்த முறையும் நம்பி வருவார்கள்.

முதல் சந்திப்பில் என்ன பேசுவது?

பேசாதீர்கள், கேளுங்கள். "பிள்ளை என்ன பண்ணுச்சுன்னா உங்களுக்குச் சிரிப்பு வரும்?" என்று நான் கேட்பேன். பதில் சொல்லாத அம்மாவை நான் பார்த்ததில்லை. ஒருவர் சொல்ல ஆரம்பித்தால் பக்கத்தில் இருப்பவர் தன் பிள்ளை கதையை எடுப்பார்.

முதல் சில ஆண்டுகளில் பிள்ளையின் மூளையில் ஒரு நொடிக்கு 10 லட்சத்துக்கும் மேல் புது இணைப்புகள் உண்டாகின்றன என்பார்கள். நல்ல செய்திதான். ஆனால் அந்தக் கணக்கைச் சொல்லி ஒரு தாயையும் நான் சேர்த்ததில்லை. உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, விரல் விரலாக ஊட்டி, கடைசியில் கைமேல் நண்டு ஊரவிட்டு அக்குளில் கூச்சம் காட்டும் விளையாட்டு இருக்கிறதே, அதைச் செய்து சேர்த்தவர்கள் நிறைய. "இத எங்க ஆச்சி எனக்குச் செய்யும்" என்று சொல்லும்போதே அந்தப் பெண்ணின் முகம் மாறிவிடும். பிறகு நான் ஒன்றே ஒன்று சொல்வேன்: பிள்ளை உங்கள் முகத்தைப் பார்க்கிறது, அடுத்து என்ன வரும் என்று காத்திருக்கிறது, வந்ததும் சிரிக்கிறது, படிப்பு இங்கேதான் தொடங்குகிறது.

தனக்குத் தெரியாததைக் கற்கக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நினைப்பவர் கூசிப்போவார். தனக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றுக்கு இவ்வளவு மதிப்பு இருக்கிறது என்று அறிந்தவர், மறுமுறை தானே மதினியையும் கூட்டிக்கொண்டு வருவார்.

நாள் முழுக்க வேலை பார்க்கும் அம்மாவிடம் பிள்ளையோடு விளையாடச் சொல்வது நியாயமா?

தனியாக நேரம் ஒதுக்கச் சொன்னால் நியாயமில்லை. அதனால் நாங்கள் அப்படிக் கேட்பதில்லை. கைக்குத்தான் வேலை, வாய்க்கும் கண்ணுக்கும் இடம் இருக்கிறது.

நான் சொன்ன அந்தத் தொட்டில் பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். முழித்திருக்கும் நேரமெல்லாம் சேலைக்குள் கிடந்தால் அதற்குத் தெரிவது சேலை மட்டும்தான். தூங்கத் தொட்டில், முழித்ததும் பாய் என்று பேசி வைத்தோம். பத்தமடைப் பக்கம் பாய்க்குப் பஞ்சமா? காற்றோட்டமாக, புகையிலைத் தூள் படாத தூரத்தில், அம்மா முகம் தெரியும்படி பாயை விரித்துப் பிள்ளையைக் குப்புறப் போட்டார். ஒரு எவர்சில்வர் டம்ளர், ஒரு மரக்கரண்டி கொடுத்தார். பிள்ளை "ஆ" என்றால் இவரும் "ஆ" என்றார். சுற்றும் வேலை ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை.

பீடித் தூள் பற்றி முதல் நாளே எச்சரிக்கத் தொடங்காதீர்கள். சொல்லத்தான் வேண்டும்: பால் கொடுக்கும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவது, மடியில் விரித்த துணியை எடுத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்குவது, இலையையும் தூளையும் பிள்ளைக்கு எட்டாமல் வைப்பது. நாலைந்து முறை போய்ப் பழகிய பிறகு சொன்னால் அது அக்கறையாகத் தெரியும். முதல் நாளில் சொன்னால் அவர் சோற்றுக்கு வழி செய்யும் தொழிலைப் பழித்த மாதிரி ஆகிவிடும்.

ஏதாவது பொருள் கொடுத்தால் கூட்டம் வருமே?

வரும். கொடுப்பது நின்றதும் நின்றுவிடும். டம்ளர், டப்பா கொடுத்துக் கூட்டிய கூட்டங்களை நான் பார்த்திருக்கிறேன். வாங்கும் வரிசையில் நின்றவர்கள் என்ன பேசப்பட்டது என்று கேட்கவே இல்லை.

ஆனால் உதவி வேறு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி உண்டு. அதில் தவணை வராமல் அலையும் பெண்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். வங்கிக் கணக்கில் பெயர் எழுத்து மாறியிருக்கும், ஏதாவது ஒரு பதிவு விட்டுப்போயிருக்கும். கூடப் போய் கிராம சுகாதார செவிலியரிடம் பேசி அதைச் சரிசெய்து கொடுங்கள். அந்த ஒரு உதவியை அவர் மறக்கவே மாட்டார்.

மாமியார் விடமாட்டேன் என்கிறார். என்ன செய்ய?

மருமகளைத் தனியாகக் கூப்பிட்டால் எந்த மாமியாருக்கும் சந்தேகம் வரும். நாங்கள் இப்போது ஆச்சியைத்தான் முதலில் கூப்பிடுகிறோம். பகலில் பாதி நேரம் பிள்ளை அவர் இடுப்பில்தானே இருக்கிறது?

"நாங்க அஞ்சு பிள்ள பெத்து வளக்கலையா? எங்களுக்கு யாரு வந்து சொன்னா?" என்று ஓர் ஆச்சி என்னைக் கேட்டார். கேள்வியில் தப்பில்லை. "நீங்க எப்படி வளத்தீய, சொல்லுங்க" என்றேன். காலை நீட்டிப் பிள்ளையைக் கிடத்தி எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவதை, தாலாட்டில் தாய்மாமன் சீரையெல்லாம் அடுக்குவதை, நிலாவைக் காட்டிப் பருப்புச் சோறு ஊட்டுவதை ஒரு மணி நேரம் சொன்னார். குளிப்பாட்டும்போது பிள்ளையோடு அவர் பேசிய பேச்சை எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் நான் கண்டதில்லை. மூக்கைப் பிடித்து, "இது யாரு மூக்கு? தாத்தா மூக்கு!" என்று ஒவ்வொரு உறுப்பாகச் சொல்லிக்கொண்டே போனார். அடுத்த கூட்டத்தில் அவரைத்தான் செய்து காட்டச் சொன்னோம். மருமகள் கூடவே வந்தார்.

கெடுதலான பழக்கமும் உண்டு. பிறந்ததும் நாக்கில் இனிப்பைத் தொட்டுச் சேனை வைப்பது, சர்க்கரைத் தண்ணீர், தேன், மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது. இதில் விட்டுக்கொடுக்க முடியாது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே, தண்ணீர்கூட வேண்டாம். ஒரு வயது ஆகும் வரை தேன் கூடவே கூடாது. ஆனால் அதைச் சின்ன வயசுக்காரியான நான் ஆச்சியிடம் நேருக்கு நேர் மறுத்துப் பேசினால் வீம்புதான் வரும். செவிலியரைக் கூட்டிவந்து அவர் வாயால் சொல்லவைப்போம். அதைவிட நன்றாக வேலை செய்வது, தேன் வைப்பதை ஏற்கெனவே விட்டுவிட்ட இன்னோர் ஆச்சி பேசுவது.

அப்பாக்களை எப்படிச் சேர்ப்பது?

இதில் நாங்கள் இன்னும் தடுமாறிக்கொண்டுதான் இருக்கிறோம். வள்ளியூர், பணகுடிப் பக்கம் காற்றாலை வேலை, கல்குவாரி, கடலோரத்தில் மீன்பிடி, மற்றவர்கள் திருப்பூர், கேரளா, வளைகுடா. ஊரில் இருப்பவரும் பெண்கள் கூட்டத்தில் வந்து உட்காரக் கூச்சப்படுவார்.

பலன் தந்ததைச் சொல்கிறேன். வெளிநாட்டில் இருக்கும் அப்பாவிடம், வாரத்துக்கு ஒருமுறை வீடியோவில் பிள்ளையைப் பார்த்துக் கை தட்டச் சொல்லி, பிள்ளை திரும்பத் தட்டும் வரை காத்திருக்கச் சொன்னோம். "சாப்டியா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிடும் பழக்கம் சில வீடுகளில் மாறியது. உள்ளூர் அப்பாக்களைத் தடுப்பூசி நாளில் பிடிக்கலாம், பைக்கில் கொண்டுவந்து விடுவது அவர்தானே. வேப்பமரத்தடியில் காத்திருக்கும் அவரிடம் பிள்ளையைக் கையில் கொடுத்துப் பேசினால் ஐந்து நிமிடம் கேட்பார். அந்த ஐந்து நிமிடத்தில் ஒரே விஷயம் சொல்லுங்கள், இரண்டு வேண்டாம்.

அரசு நடத்தும் சமுதாய வளைகாப்புக்குக் கணவரும் வந்தால் அங்கேயே பேசிவையுங்கள். பிள்ளை பிறக்கும் முன் பேசியவரோடு பிறகு பேசுவது சுலபம்.

போன் கொடுத்தால்தான் பிள்ளை சாப்பிடுகிறது என்கிறார்கள்.

இரண்டு வயதுக்கு முன் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. அதைச் சொல்லிவிட்டு நாம் எழுந்து போய்விட்டால் அந்த அம்மா என்ன செய்வார்? அடுப்பில் உலை கொதிக்கிறது, மடியில் பீடித் தட்டு, பிள்ளை அழுகிறது, உதவிக்கு ஆள் இல்லை. போன் அங்கே ஆயா வேலை பார்க்கிறது. ஒரு வேளைச் சோற்றை மட்டும் போன் இல்லாமல் ஊட்டிப் பாருங்கள், அதுவும் வீட்டில் வேறு ஒருவர் இருக்கும் வேளையில் என்று கேட்போம். அது பழகிய பிறகு அடுத்த வேளை.

வாட்ஸப் குழு போதாதா?

போதாது. அடுத்த கூட்டம் என்று, எங்கே என்று சொல்ல உதவும். குரல் பதிவாக அனுப்பினால் கேட்பார்கள். நீண்ட எழுத்தை யாரும் படிப்பதில்லை. பல வீட்டில் போன் கணவர் கையில் இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

ஒரே தெருக்காரர்கள்தான் வருகிறார்கள். மற்றத் தெருவினர் எட்டிப் பார்ப்பதில்லை.

நம் பக்கத்தில் இதை மூடி மறைத்துப் பேசிப் பயனில்லை. அங்கன்வாடி மையம் எந்தத் தெருவில் இருக்கிறதோ அந்தத் தெருச் சாதியின் இடம் என்று ஊர் முடிவு செய்துவிடுகிறது. பொது இடத்தில் வையுங்கள் என்று சொல்வது எளிது, பல ஊரில் எல்லாரும் பொது என்று ஒப்புக்கொள்ளும் இடமே இல்லை. நாங்கள் முறை வைத்து ஒவ்வொரு தெருவிலும் நடத்துகிறோம். விலக்கி வைக்கப்பட்ட தெருவில்தான் முதல் கூட்டம். அங்கே கொடுக்கும் தண்ணீரை வாங்கிக் குடிக்கிறோம். அதை எல்லாரும் கவனிக்கிறார்கள். ஒருமுறை இரண்டு தெருப் பிள்ளைகளும் ஒரே பாயில் தவழ்ந்தபோது ஒரு பாட்டி எழுந்து பேரனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். மறு மாதம் அவர் வரவில்லை. பேரனை மருமகள் கூட்டிவந்தார். அதற்காக இடத்தையோ முறையையோ நான் மாற்றமாட்டேன்.

பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை என்று ஓர் அம்மா அழுதார். என்ன சொல்வது?

"அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசுனான்" என்று சமாதானம் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். முதலில் காது. பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புகிறதா, கண்ணைப் பார்க்கிறதா, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுகிறதா என்று கேளுங்கள். சந்தேகம் இருந்தால் காத்திருக்க வேண்டாம். அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் மருத்துவக் குழுவிடம் காட்டலாம். நேரே பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்கும் போகலாம். காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளி 19-ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிய ஊர் பாளையங்கோட்டை. உதவி பக்கத்தில்தான் இருக்கிறது, போக வைப்பதுதான் கஷ்டம். முதல் முறை நீங்கள் கூடப் போங்கள். தனியாக அனுப்பிய சிலர் பஸ் ஸ்டாண்டிலிருந்தே திரும்பி வந்திருக்கிறார்கள்.

இரண்டு மூன்று தடவை வந்துவிட்டு நின்றுவிட்டால்?

வீட்டுக்குப் போங்கள். "ஏன் வரல?" என்று மட்டும் கேட்காதீர்கள். "பிள்ளையப் பாத்து நாளாச்சே, அதான் வந்தேன்" என்று போங்கள். உடம்பு சரியில்லாமல் இருக்கலாம், வீட்டில் அடி விழுந்திருக்கலாம், அடுத்தது உண்டாகி வெளியே சொல்லாமல் இருக்கலாம். கூட்டத்தில் சொல்ல முடியாததை வாசற்படியில் சொல்வார்கள்.

எத்தனை பேர் வந்தால் போதும்?

ஆறேழு பேர். பதினைந்துக்கு மேல் போனால் இரண்டாகப் பிரித்துவிடுங்கள். வருகைப் பதிவேட்டை விட நான் நம்புவது ஒன்று உண்டு: நாம் இல்லாதபோது அந்தத் திண்ணையில் என்ன நடக்கிறது என்பது. சொல்லாமல் கொள்ளாமல் ஒருநாள் அந்தப் பக்கமாகப் போய்ப் பாருங்கள்.

சரி, நாளைக்கே தொடங்க வேண்டுமென்றால்?

புதன்கிழமை துணை சுகாதார நிலையத்தில் தடுப்பூசி போடுவார்கள். ஒன்பதாம் மாத ஊசிக்கு வரும் அம்மாமார் அங்கே காத்திருப்பார்கள். ஒரு பாயும் இரண்டு டம்ளரும் எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். பிள்ளை அந்த டம்ளரை நோக்கித் தவழ்ந்து வரும். அம்மாவும் பின்னாலேயே வருவார்.